ஏற்றவா, இழுக்கவா, மணலில் இறக்கவா: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு ஏற்ற பிக்கப் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிக்கப் வண்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஷோரூமுக்குப் போகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் எடை மேடை. தாழங்குடாவில் மீன் வியாபாரமும், கேப்பர் மலைச் சரிவில் அம்மா வழி வந்த முந்திரித் தோப்பும் வைத்திருக்கும் எங்கள் குடும்பம், இருபது ஆண்டுகளில் நான்கு பிக்கப் வண்டிகளை வாங்கியிருக்கிறது. அவற்றில் இரண்டு நன்றாக உழைத்தன, ஒன்று சுமாராக ஓடியது, மற்றொன்று எங்களை நடுவழியில் நிறுத்தியது. எதை ஏற்றப் போகிறோம், அது எத்தனை கிலோ என்பதை வாங்குவதற்கு முன்பே எடை போட்டுப் பார்த்தோமா என்பதில்தான் நல்ல வண்டிக்கும் மற்ற வண்டிகளுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது.

சுமை ஏற்றுவது, டிரெய்லர் இழுப்பது, சாலையில்லாத இடத்தில் இறங்கி ஏறுவது ஆகிய மூன்றையும் ஒரே வண்டி செய்யும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. செய்யும் என்பது உண்மைதான், ஆனால் மூன்றையும் ஒரே அளவுக்கு நன்றாகச் செய்யும் வண்டி கிடையாது. சுமை ஏற்றும் வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங் பட்டைகளும் காற்று நிறைந்த டயரும் வேண்டும். மணலிலும் மேடுபள்ளத்திலும் போகும் வண்டிக்கு வளைந்து கொடுக்கும் பட்டைகளும் காற்று குறைத்த டயரும் வேண்டும். டிரெய்லர் இழுப்பதற்கோ இவ்விரண்டையும்விட வண்டியின் சொந்த எடையும், நீளமான வீல்பேஸும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்), நம்பகமான பிரேக்கும் முக்கியம். ஆகவே ஆண்டின் 365 நாளில் எந்த வேலை 300 நாள் நடக்கிறது என்று கணக்கிட்டு அந்த வேலைக்கு வண்டியை வாங்க வேண்டும். மீதி நாட்களின் வேலையைச் சமாளித்துக்கொள்ளலாம், அல்லது அதற்கு மட்டும் டிராக்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சுமையின் கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். யூ.எல்.டபிள்யூ. என்பது சுமையில்லாத எடை. ஆர்.எல்.டபிள்யூ. என்பது வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. ஓட்டுநர், பக்கத்தில் உட்காருபவர், தார்ப்பாய், கயிறு, நீங்கள் பிறகு பொருத்திய இரும்புச் சட்டம் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்லும் "ஒன்றரை டன், ரெண்டு டன்" என்பதை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கும் அதே வகை வண்டியின் ஆர்.சி. நகல் ஒன்றை வாங்கி இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது வண்டியில் 50 கிலோ ஐஸ் பார் 20 இருக்கும். அது 1000 கிலோ. ஐஸோடு சேர்த்து ஏறத்தாழ 40 கிலோ வரும் மீன் பெட்டி 12 என்றால் 480 கிலோ. ஓட்டுநரும் இன்னொருவரும் 130 கிலோ. மொத்தம் 1610 கிலோ. இதை 1.7 டன் வண்டியில் ஏற்றலாம் என்று தோன்றும். ஆனால் வண்டியை அதன் உச்ச அளவிலேயே தினமும் ஓட்டினால் கிளட்சும் பிரேக் லைனிங்கும் பின் ஆக்சில் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். எப்போதும் 15 விழுக்காடு மிச்சம் வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். அப்படிப் பார்த்தால் எங்களுக்குத் தேவை 1.9 டன்னுக்குக் குறையாத வண்டி. டாடா யோதா 2.0, மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் எச்.டி. 2.0 வகை போன்றவை இந்த 2 டன் வகுப்பில் வருகின்றன.

மணல் ஏற்றுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கண்ணுக்கு அது கொஞ்சமாகவே தெரியும். 9 அடி நீளமும் 5.5 அடி அகலமும் உள்ள தொட்டியில் ஓர் அடி உயரத்துக்கு மணல் பரப்பினால் அது ஏறத்தாழ 50 கன அடி, அதாவது அரை யூனிட். ஒரு கன மீட்டர் மணல் ஏறத்தாழ 1.6 டன் என்பதால் அந்த ஓர் அடி மணலே 2.2 டன்னைத் தொட்டுவிடும். நனைந்த மணல் இன்னும் கூடுதல். தொட்டியின் விளிம்பு வரை இன்னும் இடம் இருக்கிறதே என்று அதற்கு மேலும் வாரிப் போடுவதைத் தினமும் பார்க்கிறோம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டை 80 கிலோ மூட்டையாகவே வருவதால் அங்கே மூட்டையை எண்ணினால் போதும். சிமெண்டும் அப்படியே, மூட்டைக்கு 50 கிலோ. தண்ணீர் ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: 1000 லிட்டர் தொட்டி முழுதாக இருந்தால் அது ஒரு டன்; பாதியாக இருந்தால் எடை குறைவு, ஆனால் தண்ணீர் அலைந்து திருப்பத்தில் வண்டியைத் தள்ளும்.

கூடுதல் பட்டை போட்டுவிட்டால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், வீல் பேரிங், சேஸிஸ், பிரேக், டயர் ஆகிய எதன் பலமும் அதனால் கூடுவதில்லை. முன்பு பின்பக்கம் அழுந்தி எச்சரித்த வண்டி, பட்டை போட்ட பிறகு எச்சரிக்காமலே உடையும். சட்டமும் இதில் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

மொத்த எடையைப் போல, பின் அச்சின் எடையும் முக்கியம். எடை மேடையில் வண்டியை முழுதாக நிறுத்தி ஒரு சீட்டு வாங்கிய பிறகு, முன் சக்கரங்களை மேடைக்கு வெளியே இறக்கிப் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டோடு அதை ஒப்பிட வேண்டும். குறியீடு 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். பின் அச்சுக்கு இரண்டு டயர், ஆக 1800 கிலோ. 112 என்றால் டயருக்கு 1120, ஆக 2240 கிலோ. பின் அச்சில் 2100 கிலோ நிற்கும் வண்டிக்கு விலை குறைவு என்று 104 டயரை மாட்டியவர், மே மாத வெயிலில் நான்குவழிச் சாலையில் டயர் வெடித்த பிறகுதான் அந்த எண்ணைப் படிக்கிறார். புதிய டயர் வாங்கும்போது அளவோடு சேர்த்து இந்தக் குறியீட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு

நம் பக்கத்தில் பிக்கப் இழுப்பவை பெரும்பாலும் கான்கிரீட் மிக்சர், ஜெனரேட்டர், கம்ப்ரசர், சிறிய படகு ஆகியவை. வெளிநாட்டு விளம்பரங்களில் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற வண்டிகள் 3500 கிலோ இழுக்கும் என்று காட்டுவார்கள். அது பிரேக் பொருத்திய டிரெய்லருக்கான எண். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதே வண்டிக்குப் பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோதான் அனுமதி. நம் ஊரில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது என்பதால், வண்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 750 கிலோ என்ற எண்ணையே எல்லையாக வைத்துக்கொள்ளும்படி நான் சொல்வேன். அதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால், டிரெய்லர் முன்வண்டியை முட்டித் தள்ளும்போது அந்த அழுத்தத்திலேயே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் வைத்த டிரெய்லரைச் செய்து வாங்குங்கள். நீங்கள் வாங்கும் வண்டியின் கையேட்டில் இழுசுமை குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவே இறுதி.

கொக்கியின் மேல் விழும் எடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் டிரெய்லர் ஆடுவதும் ஆடாமல் வருவதும் அதைப் பொறுத்தது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும்; 600 கிலோ டிரெய்லருக்கு 60 கிலோ. இதை அளக்க அரிசிக் கடையில் இருக்கும் பிளாட்பாரத் தராசு போதும்: சுமை ஏற்றிய டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, கொக்கி வண்டியில் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்குக் கட்டை வைத்து, தராசின் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கிப் படித்துக்கொள்ளலாம். அந்த 60 கிலோவும் பிக்கப்பின் சுமைக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

படகு இழுப்பவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. அவுட்போர்டு இன்ஜின் படகின் பின்முனையில் தொங்குவதால் டிரெய்லரின் பின்பக்கம் கனத்து, மூக்கு மேலே தூக்கும். ஒரு முறை இன்ஜினைக் கழற்றாமலே ஒரு சிறிய பைபர் படகை அரியாங்குப்பத்திலிருந்து கடலூருக்கு இழுத்து வந்தோம். கன்னியக்கோயில் தாண்டி வேகம் ஐம்பதைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமுமாக வீச ஆரம்பித்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. ஓட்டிய என் மாமா பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தார். முப்பதுக்கு இறங்கியதும் ஆட்டம் அடங்கியது. ஓரம் கட்டி இன்ஜினைக் கழற்றிப் பிக்கப்பின் தொட்டியில் வைத்த பிறகு, அதே டிரெய்லர் கடலூர் வரை அடங்கி வந்தது. டிரெய்லர் ஆடும்போது பதறிப் பிரேக் அடித்தால் அது வண்டியை மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டினாலும் ஆட்டம் பெருகும்.

கொக்கியைப் பம்பரில் பொருத்தக் கூடாது. சேஸிஸின் இரு கம்பிகளையும் பிடிக்கும் தகட்டில், 8.8 தரமுள்ள போல்ட்டுகளால் பொருத்த வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகள் குறுக்காகப் போட வேண்டும். டிரெய்லரின் பின் விளக்குகளும் இண்டிகேட்டரும் எரிய வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் காப்பீடும் தேவை என்பதால் வெல்டிங் பட்டறையில் செய்து அப்படியே சாலையில் ஏற்ற முடியாது.

இன்ஜினைப் பொறுத்தவரை, குதிரைத் திறனைவிடக் குறைந்த சுற்றில் கிடைக்கும் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை, முக்கியம். பொலேரோ பிக்கப்பில் வரும் 2523 சி.சி. டீசல் இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் அளவில் இழுக்கிறது. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜின் 360, ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜின் மேனுவல் கியரில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500. எண்ணைப் பார்த்துப் பெரிய வண்டிதான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. இரட்டைக் கேபின் கொண்ட அந்த வண்டிகள் இழுப்பதற்கும் மணலுக்கும் சிறந்தவை, ஆனால் தொட்டி குட்டை, சட்டப்படி ஏற்றக்கூடிய சுமையும் சாதாரண பிக்கப்பைவிட மிகக் குறைவு. ஐஸும் மூட்டையும் ஏற்றுபவர் அவற்றை வாங்கினால் பணத்தையும் இழப்பார், சுமையையும் இழப்பார்.

மணலும் களிமண்ணும்

இந்தப் பக்கத்தில் மண் மூன்று விதம்: தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே நீளும் கடற்கரை மணல், பாகூர் சுற்றிய வயல்களின் களிமண், கேப்பர் மலையின் செம்மண். மழையில்லாத நாளில் செம்மண் தடத்தில் சாதாரணப் பின்சக்கர இழுவை வண்டியே போய்வரும். மழை பெய்து தடம் அறுத்துவிட்டால் தரையிலிருந்து வண்டியின் அடிப்பாக உயரமும் நல்ல பட்டன் டயரும் வேண்டும். களிமண்ணில் டயரின் பட்டன்களுக்கு இடையே சேறு அடைத்துக்கொண்டால் நான்கு சக்கர இழுவையும் உதவாது, எனவே இடைவெளி அகலமான பட்டன் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணலுக்கு இதற்கு நேர்மாறாக, மண்ணைத் தோண்டாமல் மேலே மிதக்கும் டயர் தேவை.

நான்கு சக்கர இழுவை உண்மையில் யாருக்குத் தேவை? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின், விழுந்த முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் தோப்பிலிருந்து வெளியே கொண்டுவர எங்களுக்கு அது தேவைப்பட்டது. அதன் பிறகு ஓர் ஆண்டில் பத்து நாள்கூட அந்த லீவரைத் தொட்டதில்லை. தோப்பு, சவுக்குத் தோட்டம், இறால் பண்ணைக் கரை என்று தினமும் இறங்குபவர்களுக்கு அது கட்டாயம்; மற்றவர்களுக்கு அது கூடுதல் எடையும் கூடுதல் பராமரிப்பும்தான். வாங்குவதானால் 4எல் என்னும் தாழ் கியர் உள்ள வண்டியாகப் பாருங்கள். அது இழுவையை ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெருக்குவதால் கிளட்சை எரிக்காமல் மெதுவாக ஏற முடிகிறது. இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவே கிடையாது. ஆகவே காய்ந்த தார்ச் சாலையில் 4எச்-இல் (நான்கு சக்கர இழுவையின் சாதாரண கியரில்) ஓட்டித் திருப்பினால் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும். மண்ணை விட்டு ஏறியதும் 2எச்-க்கு (பின்சக்கர இழுவைக்கு) மாற்றிவிட வேண்டும்.

மணலில் இறங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை டயரின் காற்றைக் குறைப்பது. சுமையில்லாத வண்டிக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் நிற்கும். இறக்கும் முன்னும் பின்னும் டயருக்கு அருகில் குனிந்து பாருங்கள்: தரையைத் தொடும் பகுதி உள்ளங்கை நீளத்திலிருந்து முழங்கை நீளத்தை நோக்கி வளர்வது கண்ணுக்கே தெரியும். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, மண்வெட்டியால் டயருக்கு முன்னுள்ள மணலை வாரித் தென்னை மட்டையை அடியில் செருகி, இரண்டாவது கியரில் மெல்ல எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் காற்றை நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும். குறைந்த காற்றோடு சாலையில் சுமை ஏற்றி ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிடும். ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பெரிய பைபர் படகைக் கரை மணலில் இழுத்து ஏற்றுவது டிராக்டரின் வேலை. எந்தப் பிக்கப்பையும் அதற்காக வாங்க வேண்டாம்.

படகை நீரில் இறக்கும்போது பின் ஆக்சிலை உப்புநீரில் முக்குவது இன்னொரு தவறு. ஓடிச் சூடான ஆக்சில் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும், ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியாகவும் உப்புநீரை உறிஞ்சும். மூச்சுக்குழாயை நீட்டி மேலே கட்டிக்கொள்வதற்குச் செலவு மிகக் குறைவு.

பழைய வண்டி வாங்கும்போது

எங்களை நடுவழியில் நிறுத்திய வண்டி பழைய வண்டிதான். வாங்கும்போது அடிப்பாகம் முழுதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். வாங்கிய எட்டாம் மாதம் ஐஸ் ஏற்றி வரும்போது பின் பட்டையைத் தாங்கும் கொண்டி சேஸிஸிலிருந்து பிய்ந்துகொண்டது. பூச்சுக்கு அடியில் இரும்பு உதிரியாக இருந்ததை மெக்கானிக் விரலாலேயே கிள்ளிக் காட்டினார். விற்றவருக்கு அது தெரிந்தே இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

அன்று முதல் நான் ஒரு சிறு சுத்தியலும் திருப்புளியும் இல்லாமல் பழைய வண்டி பார்க்கப் போவதில்லை. பின் பட்டையின் கொண்டி, தொட்டி சேஸிஸில் உட்காரும் இடங்கள், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருவேறியது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்திப் பாருங்கள். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயில் செதில் செதிலாகத் துரு இருந்தால் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். மீன் ஏற்றிய வண்டியா என்பதைத் தொட்டியின் மூலைகளும் வாசனையும் சொல்லிவிடும். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் தினமும் சேஸிஸில் விழுந்திருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியபோதும் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. சீட்டின் அடியிலுள்ள தண்டவாளம், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் வெளிவரும் கடைசி முழம், டேஷ்போர்டுக்குக் கீழுள்ள ஒயர் இணைப்புகள் ஆகிய மூன்று இடங்களிலும் காய்ந்த வண்டல் ஒளிந்திருக்கும். பின் டிஃபரன்ஷியலின் ஆயில் அடைப்பைத் திறந்தால் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பதும் அடையாளம்.

காகிதங்களும் கடைசிச் சோதனையும்

மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பர்மிட்டிலிருந்து விலக்குத் தருகிறது. அதற்கு மேலுள்ள வண்டிக்குப் பர்மிட் வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி இரு பக்கமும் தினமும் ஓடுபவர், பி.ஒய். பதிவா டி.என். பதிவா என்று முடிவு செய்யும் முன்பே இதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு செய்துகொள்வது நல்லது. மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டி வாங்குபவர்கள், தங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்பதையும் விற்பனையாளரிடம் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கும் சந்தைக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஊர்ந்து ஓடும் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும்.

ஷோரூமில் காலி வண்டியை ஊர் சுற்றிக் காட்டுவார்கள். அதில் எதுவும் தெரியாது. உங்கள் சுமையை, அல்லது அதே எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கிளட்ச் வாடை வருகிறதா, வண்டி பின்னால் உருள்கிறதா, இறக்கத்தில் இரண்டாவது கியரில் எவ்வளவு அடங்குகிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பவை பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சுமை ஏற்றி ஓட்ட விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் நான் வண்டி வாங்குவதில்லை. வாங்கிய பிறகு முதல் சுமையோடு எடை மேடைக்குப் போய், முழு வண்டிக்கும் பின் அச்சுக்கும் எடுத்த சீட்டுகளை ஆர்.சி. உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொருவர் அந்த வண்டியை ஓட்டினாலும் எத்தனை பார் ஐஸ் வரை ஏற்றலாம் என்பது அவர் கையில் இருக்கும்.